'ஸ்ட்ரைஃப்' நாடகம்: ஆந்தனி, ராபர்ட்ஸ், அப்புறம் அந்த ஹார்னஸ். யார் பக்கம் நியாயம்?

பின்வரிசை எழுதியது:

ஜான் கால்ஸ்வர்தியின் 'ஸ்ட்ரைஃப்' நாடகத்தைக் கல்லூரியில் பாடமாகப் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். "முதலாளி, தொழிலாளி இருவருமே பிடிவாதக்காரர்கள், இருவருமே தோற்றார்கள், சமரசமே நல்லது" என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருப்பீர்கள். அந்த நோட்ஸோடுதான் எனக்குச் சண்டை.

படிக்காதவர்களுக்காகக் கதை. 1909 மார்ச்சில் லண்டன் ட்யூக் ஆஃப் யார்க்ஸ் தியேட்டரில் முதலில் மேடையேறியது. இங்கிலாந்தும் வேல்ஸும் சேரும் எல்லையில் ட்ரெனார்த்தா என்ற தகரத் தகடு ஆலை. குளிர்காலம் முழுக்க வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருக்கிறது. மேடையில் நாம் பார்ப்பது ஒரே நாள்தான்: பிப்ரவரி 7, நண்பகல் தொடங்கி மாலை 6 மணி வரை.

இயக்குநர் குழுத் தலைவர் ஜான் ஆந்தனிக்கு வயது 76. கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து 32 வருடமாக அவர்தான் தலைவர். இந்த ஆலைத் தொழிலாளர்களோடு நான்கு தடவை மோதி நான்கு தடவையும் ஜெயித்தவர். எதிரில் டேவிட் ராபர்ட்ஸ், ஆலையின் இன்ஜினியர், போராட்டக் குழுவின் தலைவர். இருவரும் இம்மியும் அசைய மாட்டார்கள். நடுவில் தொழிற்சங்க மேலிடத்திலிருந்து வந்திருக்கும் சைமன் ஹார்னஸ். இன்ஜினியர்களும் உலையில் நிற்பவர்களும் கேட்கிற கூலி மற்ற இடங்களில் நடப்பில் உள்ளதைவிட அதிகம் என்று சொல்லிச் சங்கம் ஆதரவை விலக்கிக்கொண்டிருக்கிறது.

ராபர்ட்ஸின் மனைவி ஆனி இதய நோயாளி. பசியும் குளிரும் சேர்ந்து அன்று அவளைக் கொன்றுவிடுகின்றன. அன்று மாலையே தொழிலாளர்கள் ராபர்ட்ஸைக் கைவிடுகிறார்கள். இயக்குநர்கள் ஆந்தனிக்கு எதிராக ஓட்டுப் போடுகிறார்கள், அவர் ராஜினாமா செய்கிறார். கடைசியில் கையெழுத்தாகும் ஒப்பந்தம் எது தெரியுமா? வேலைநிறுத்தம் தொடங்குவதற்கு முன்பே ஹார்னஸும் கம்பெனிச் செயலாளர் டென்ச்சும் சேர்ந்து எழுதி இரண்டு தரப்புக்கும் கொடுத்த அதே ஷரத்துகள்.

நாடகத்தின் கட்டுமானம் தராசு போல இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அங்கே ஒரு கிழவர், இங்கே ஒரு தலைவன். அங்கே ஓட்டெடுப்பு, இங்கே ஓட்டெடுப்பு. ஆனால் இரண்டு தட்டிலும் வைத்திருக்கும் பொருள் ஒன்றா? ஆந்தனி தோற்றால் நாற்காலி போகிறது. ராபர்ட்ஸ் தோற்கும் முன்னாலேயே பெண்டாட்டி போய்விட்டாள். இதைச் சமம் என்று எப்படிச் சொல்வது?

*

மூணுகால்முயல் எழுதியது:

இரண்டு பேருமே தான் பிடித்த முயலுக்கு மூணே கால் என்ற ரகம். (என் பெயரைப் பார்த்தாலே தெரியும், எனக்கு அந்த ரகத்தின் மேல் பாசம் உண்டு.) ஆனால் பின்வரிசை, ராபர்ட்ஸ் தன் மனைவியைத் தானே பணயம் வைத்தான். யாரும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. ஆந்தனியின் மகள் ஈனிட் உதவி செய்ய நேராக வீட்டுக்கே வருகிறாள். வேண்டாம் என்றது யார்?

*

ராத்திரிஷிப்ட் எழுதியது:

ஹார்னஸை யாரும் கண்டுகொள்ளவில்லை என்பதால் அவருக்காக நான் வக்காலத்து வாங்குகிறேன். நான் ஒரு சங்கத்தில் பொருளாளராக இருந்தவன். போராட்ட நிதிக் கணக்கு நோட்டு கையில் இருந்தவனுக்குத்தான் ஹார்னஸ் புரிவார்.

ராபர்ட்ஸின் பேச்சைக் கேட்டால் ரத்தம் கொதிக்கும், சந்தேகமில்லை. ஆனால் போராட்ட நிதி எங்கிருந்து வருகிறது? வேறு ஆலைகளில் வேலை செய்கிற உறுப்பினர்கள் வாரா வாரம் கட்டும் சந்தாவிலிருந்து. அவர்களே வாங்காத கூலியை இந்த ஆலையின் இன்ஜினியர்களுக்கு வாங்கிக் கொடுக்க அவர்கள் பணத்தைச் செலவழிக்க முடியுமா? அடுத்த கூட்டத்தில் எவனாவது எழுந்து "எங்களுக்கு எப்போது?" என்று கேட்டால் என்ன சொல்வது? "கேட்பது நியாயமா" என்று மட்டும் சங்கம் பார்க்க முடியாது. "இதை எல்லோருக்கும் கேட்க முடியுமா" என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஹார்னஸ் கல்நெஞ்சக்காரர் இல்லை. அவர் கணக்கில் ட்ரெனார்த்தா ஒரு வரி, அவ்வளவுதான்.

காலத்தையும் பாருங்கள். 1900-இல் தெற்கு வேல்ஸில் டாஃப் வேல் ரயில்வே வேலைநிறுத்தம். கம்பெனி சங்கத்தின் மேல் வழக்குப் போட்டது. 1901-இல், அன்றைக்கு உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, வேலைநிறுத்தத்தால் வந்த நஷ்டத்துக்குச் சங்கத்தின் நிதியே பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. சங்கம் கட்டிய நஷ்டஈடு 23,000 பவுண்டு. அந்தக் காலத்து 23,000! 1906-இல் சட்டம் கொண்டுவந்துதான் அதைச் சரிசெய்தார்கள். இந்த நாடகம் மேடைக்கு வரும்போது அந்தச் சட்டத்துக்கு மூன்று வயதுகூட முடிந்த பாடில்லை. நாடகத்தில் இந்த வழக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, உண்மைதான். ஆனால் அந்தத் தலைமுறைச் சங்கத் தலைவர்கள் ஏன் காசை எண்ணி எண்ணி எடுத்தார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

முயலே, "வேண்டாம் என்றது யார்" என்ற கேள்வி நல்ல கேள்வி. அதற்கு ஆம்பளைங்க நாம் பதில் சொல்லாமல் இருப்பது உத்தமம்.

*

பின்வரிசை எழுதியது:

ராத்திரிஷிப்ட் அண்ணே, நீங்கள் சொன்ன பிறகு ஹார்னஸ் இன்னும் பெரிய ஆளாகத் தெரிகிறார், அதே அளவுக்குப் பயமாகவும் இருக்கிறது. சரியான ஷரத்து அக்டோபரிலேயே அவர் கையில் இருந்தது. பிப்ரவரியில் அதையே கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார். இடையில் நடந்த பட்டினி அவரைப் பொறுத்தவரை மற்றவர்களுக்குப் புத்தி வர ஆன நேரம். ஆதரவை விலக்கினால் ஜனங்கள் எத்தனை நாள் தாங்குவார்கள் என்று அவருக்கும் தெரியும், ஆந்தனிக்கும் தெரியும். இரண்டு பேருமே பசியைத்தான் நம்பியிருந்தார்கள். ஆந்தனி அதை வாய்விட்டுச் சொல்கிறார், அது ஒன்றுதான் வித்தியாசம்.

இப்போது முதல் அங்கத்துக்கு வாருங்கள். மேலாளர் அண்டர்வுட் வீட்டில் இயக்குநர் கூட்டம். கணப்பில் தீ நன்றாக எரிகிறது. சூடு தாங்கவில்லை என்று இயக்குநர்கள் வைல்டரும் ஸ்கேன்டில்பரியும் புலம்புகிறார்கள். தீயை மறைக்க ஒரு தட்டி கேட்கிறார்கள். வெளியே தொழிலாளர் வீடுகளில் அடுப்புக்குக் கரி இல்லை. தீ அதிகம் என்று குறை சொல்லி இப்போது இங்கே எங்களுக்குப் பழக்கமில்லை என்று அண்டர்வுட் ஒரு வரி சொல்வதோடு சரி. தட்டி வருகிறது, வைக்கிறார்கள், கூட்டம் தொடர்கிறது. பக்கம் பக்கமாகப் பொதுவுடைமை பேசினாலும் இந்தச் சூடு வராது.

ஆனால் எனக்கு ஸ்கேன்டில்பரியைவிட வைல்டர்தான் தொண்டையில் முள். அவர் சமரசத்துக்கு அவசரப்படுகிறார். ஏன்? உடம்பு சரியில்லாத மனைவியை ஸ்பெயினுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பாருங்கள், ஒரே நாடகத்தில் இரண்டு நோயாளி மனைவிகள். ஒருத்திக்காக வேலைநிறுத்தம் சீக்கிரம் முடிய வேண்டும் என்று கணவன் துடிக்கிறான். இன்னொருத்தி வேலைநிறுத்தத்திலேயே சாகிறாள். வைல்டரின் பாசம் பொய்யில்லை. அவர் கேட்கும் சமரசமும் நல்ல விஷயம்தான். ஆனால் நல்ல விஷயத்தைச் சொந்த வசதிக்காகச் செய்கிறவனை எந்தக் கணக்கில் வைப்பது?

*

திரைச்சீலை எழுதியது:

ஆம்பளைங்க பதில் சொல்லாமல் இருந்தால் உத்தமம் என்று அண்ணன் சொன்னதால் வருகிறேன். ஒரு சின்னக் குழுவில் இரண்டாம் அங்கத்தை வாசிப்பு நாடகமாகச் செய்தபோது நான் ஆனி. நடிக்க எதுவுமே இல்லை என்று முதலில் சலிப்பாக இருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே பாத்திரம் முடிந்துவிடும். படிக்கப் படிக்கத்தான், அந்த அறையில் அவளைத் தவிர யாருக்கும் இரண்டு பக்கமும் தெரியாது என்று புரிந்தது.

கல்யாணத்துக்கு முன் ஆனி ஈனிட்டிடம் பணிப்பெண்ணாக இருந்தவள். ஆந்தனி வீட்டை உள்ளேயிருந்து பார்த்தவள். இப்போது ராபர்ட்ஸின் குடிசையில் அணையப்போகிற தீக்கு முன்னால் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஈனிட் வருகிறாள். அவளுக்கு உண்மையிலேயே ஆனி மேல் பிரியம் உண்டு, அதை மறுக்க முடியாது. ஆனால் பேசப் பேச அந்தப் பிரியம் எஜமானியம்மாவின் பிரியம் என்பது தெரிந்துவிடுகிறது. தன் அப்பாவைக் குறை சொன்னால் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. கொடுக்க வந்தவள், கொடுப்பதை வாங்கிக்கொண்டு நன்றியோடு இருக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறாள்.

ஆனி என்ன சொல்கிறாள்? புருஷனைப் பற்றி ஒரு முறையீடும் இல்லை. தொழிலாளியின் வாழ்க்கை பிறப்பிலிருந்து சாவு வரை சூதாட்டம் என்று அவர் சொல்வார் என்கிறாள். தங்களுக்குக் குழந்தை இல்லாததையும் அந்த நினைப்போடுதான் சேர்த்துச் சொல்கிறாள். இதைச் சும்மா தாண்டிப் போகாதீர்கள். ராபர்ட்ஸ் எந்த வருங்காலச் சந்ததிக்காகப் போராடுவதாகக் கூட்டத்தில் முழங்குகிறானோ, அந்தச் சந்ததியில் அவன் பிள்ளை கிடையாது. அது தியாகமா, இல்லை மனிதர்களைப் பொதுவாக மட்டுமே நேசிக்கத் தெரிந்தவனின் குறையா? நான் பல தடவை யோசித்துப் பார்த்தேன். இரண்டும்தான் என்று தோன்றுகிறது.

முயலின் கேள்விக்கு: உதவி வேண்டாம் என்றது ராபர்ட்ஸ். ஆனால் ஆனி அவன் பக்கம் நின்றாள். அடிமைத்தனம் என்று சொல்லிவிடுவது சுலபம். நான் நடித்தபோது அப்படித் தோன்றவில்லை. மற்ற பெண்கள் பட்டினி கிடக்கும்போது தலைவன் பெண்டாட்டிக்கு மட்டும் பெரிய வீட்டிலிருந்து பொட்டலம் வந்தால் ராபர்ட்ஸ் அடுத்த கூட்டத்தில் வாய் திறக்க முடியுமா? அது அவளுக்குத் தெரியும். அவள் மறுப்பதில் ஒரு அரசியல் புத்தி இருக்கிறது. அதே சமயம் அவள் சம்மதத்தை ராபர்ட்ஸ் ஒரு தடவைகூடக் கேட்டு வாங்கவில்லை என்பதும் நிஜம். கொடுக்கப்பட்டதாக எடுத்துக்கொண்டான்.

அதே அறைக்கு வரும் மற்ற பெண்களையும் கவனியுங்கள். ஒருத்தி பிள்ளைகளைப் படுக்கையிலேயே போட்டு வைத்திருக்கிறாளாம். ஓடியாடாமல் இருந்தால் அவ்வளவாகப் பசிக்காதாம். வானிலை பற்றிப் பேசுவது போலச் சொல்லிவிட்டுப் போகிறாள். ஒத்திகையில் அந்த இடத்தில் எங்கள் பெண் குரலை உடைத்து அழுதாள். எங்கள் நாடக இயக்குநர் அழக்கூடாது என்றார். அழாமல் சொன்னபோதுதான் கேட்கவே முடியவில்லை.

அப்புறம் மேட்ஜ் தாமஸ். நாடகத்திலேயே அசிங்கமான பேரம் அவளுடையது. ஜார்ஜ் ரௌஸுக்கு அவள் மேல் காதல். "என்னை வேண்டுமென்றால் ராபர்ட்ஸை எதிர்த்துப் பேசு" என்கிறாள். தன் உடம்பை வைத்து வேலைநிறுத்தத்தை உடைக்கிறாள். ஆனால் வீட்டில் அம்மா பட்டினி. அவளுக்குக் கூட்டத்தில் ஓட்டுக் கிடையாது, மேடை கிடையாது, குழுவில் இடம் கிடையாது. இருந்த ஒரே செல்வாக்கைப் பயன்படுத்தினாள். முதலாளி மூலதனத்தைப் பயன்படுத்தலாம், தொழிலாளி உழைப்பை நிறுத்தலாம், அவள் இதைச் செய்தால் மட்டும் நமக்கு முகம் சுளிக்கிறது.

*

மூணுகால்முயல் எழுதியது:

அக்கா, பதில் வந்துவிட்டது. மேட்ஜ் பற்றி மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரௌஸ் தன் மனசாட்சிப்படி பேசியிருந்தால் சரி. காதலுக்காகப் பேசியவனின் ஓட்டு விலைக்கு வாங்கிய ஓட்டு. வேறென்ன சொல்வது?

*

கணக்குப்பிள்ளை எழுதியது:

இழை முழுக்க ஆந்தனிக்கு ஒரு வக்கீல்கூட இல்லை. கட்சிக்காரர் பணக்காரர் என்பதால் நானே வருகிறேன்.

அந்த அறையில் பொய் சொல்லாத ஆள் அவர் ஒருவர்தான். மூன்றாம் அங்கத்தில் அவர் பேச்சைப் படியுங்கள். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒரே நலன் என்பது வெறும் பசப்பு, இரண்டும் இரு துருவங்கள் என்கிறார். ஒரு வீட்டுக்கு ஒரு எஜமான்தான் இருக்க முடியும் என்கிறார். ஒரு கோரிக்கைக்கு இணங்கினால் ஆறாக வந்து நிற்கும் என்கிறார். மனிதாபிமானம் இல்லாத பேச்சு, சரி. ஆனால் ராபர்ட்ஸும் இதையே சொல்கிறான்! இரண்டு பக்கத்துக்கும் பொது நலன் கிடையாது என்பதில் இந்த இரண்டு பேருக்கும் முழு உடன்பாடு. வைல்டரும் இன்னொரு இயக்குநர் வாங்க்லினும் சொல்லும் 'நியாயமாக நடந்துகொள்வோம்' என்பதற்கு அர்த்தம், பங்குதாரர் கூட்டத்தில் முகம் கொடுக்க முடியவில்லை என்பது.

எட்கரைப் பார்த்து எல்லோரும் உருகுகிறார்கள். ஆந்தனியின் மகன், மனசாட்சி உள்ள இளைஞன். ஆனி செத்த செய்தி வந்ததும் இதற்கு நாம்தான் பொறுப்பு என்கிறான். நல்ல பிள்ளை. ஆனால் குளிர்காலம் முழுக்க அவனும் இயக்குநர்தானே? அவன் மனசாட்சிக்கு ஒரு பிணம் தேவைப்பட்டது. அப்பா நாளைக்கே செத்தாலும் அவனுக்குச் சொத்து வரும், மனசாட்சியும் கூடவே இருக்கும். ஆந்தனிக்கு அந்தச் சொகுசு கிடையாது. தான் செய்வது கொடுமை என்று தெரிந்தே, வேறு வழியில்லை என்று நம்பியே செய்கிறார். நம்பிக்கை தப்பாக இருக்கலாம், ஆனால் வாடகைக்கு எடுத்த நம்பிக்கை இல்லை.

*

பின்வரிசை எழுதியது:

கணக்குப்பிள்ளை, எட்கர் விஷயத்தில் நீங்கள் சொல்வது வலிக்கிற மாதிரி சரி. ஆனாலும் பிணத்தைப் பார்த்த பிறகும் மாறாதவனைவிடப் பார்த்து மாறியவன் மேல் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. நேர்மையாக இருப்பது ஒரு குணம்தான். கொடுமையை நேர்மையாகச் செய்தால் கொடுமை குறைந்துவிடுமா? "நான் உன்னைப் பட்டினி போடுவேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் பட்டினி போடுகிறவரை ஒளிவுமறைவு இல்லாதவர் என்று பாராட்டலாம். சாப்பாடு வந்துவிடாது.

ராபர்ட்ஸை நான் புனிதராக்கவில்லை. அவன் கண்டுபிடிப்பு ஒன்றுக்குக் கம்பெனி கொடுத்தது 700 பவுண்டு. அதை வைத்துக் கம்பெனி சம்பாதித்தது ஒரு லட்சம் பவுண்டு. கூட்டத்தில் அவனே இதைச் சொல்கிறான். ஒரு பவுண்டுக்கு நூற்று நாற்பதுக்கு மேல்! அவன் பேச்சில் மூலதனம் என்பது வெளுத்த முகமும் ரத்தம் தோய்ந்த உதடும் கொண்ட அரக்கன். அந்த அரக்கனுக்கு அவன் மனதில் ஆந்தனியின் முகம் இருக்கிறது. போராட்டம் எல்லோருக்குமானது, கோபம் அவனுடையது. இரண்டையும் அவனால் பிரிக்க முடியவில்லை.

எதிரிகள் இதைப் பிடித்துக்கொண்டு "சொந்தப் பகை" என்று சொல்லித் தள்ளிவிடலாம். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. அநியாயம் ஒருவனுக்குப் புத்தகத்தில் புரிவதில்லை, தன் தலையில் விழுந்தபோதுதான் புரிகிறது. சிக்கல் வேறு இடத்தில். அவனிடம் அந்த 700-இலிருந்து மிச்சம் பிடித்த சேமிப்பு இருந்தது, மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. அவன் சேமிப்பையும் போராட்டத்தில் கரைத்தான், அதுவும் உண்மை. ஆனாலும், இன்னும் கொஞ்ச நாள் தாங்குவோம் என்று சொல்கிறவனும் கேட்கிறவனும் ஒரே பள்ளத்தில் நிற்கவில்லை.

ஈனிட்டிடம் அவன் சொல்வதையும் மறக்கக் கூடாது. உன் அப்பா சாகக் கிடந்து, என் கையைத் தூக்கினால் பிழைப்பார் என்றாலும் சுண்டுவிரலைக்கூடத் தூக்க மாட்டேன் என்கிறான். மகளிடம்! பக்கத்தில் தன் மனைவி செத்துக்கொண்டிருக்கும்போது.

*

நூல்கண்டு எழுதியது:

இடையில் ஒரு வார்த்தை. ஜெர்மன் நாடகாசிரியர் ஹாப்ட்மனின் 'நெசவாளர்கள்' (1892) நாடகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1844-இல் சிலேசியாவில் நடந்த நெசவாளர் கலகம் பற்றியது. அதில் ராபர்ட்ஸும் இல்லை, ஆந்தனியும் இல்லை. கூட்டம்தான் நாயகன். கடைசியில் கலகத்தில் சேர மாட்டேன் என்று தறியில் உட்கார்ந்திருக்கும் பக்திமான் கிழவர் ஹில்ஸே மேல்தான் குண்டு பாய்கிறது. அவர் சரியா தப்பா என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்வதில்லை. கால்ஸ்வர்தி இரண்டு பெரிய மனிதர்களை எதிரெதிரே நிறுத்தியதால்தான் நாம் இங்கே மார்க் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன். அவர் வக்கீலுக்குப் படித்தவர், வசதியான வக்கீல் வீட்டுப் பிள்ளை. இரண்டு தரப்பு வாதத்தையும் சம அளவில் எழுதிக் கொடுக்கும் கை அது.

*

ராத்திரிஷிப்ட் எழுதியது:

நூல்கண்டு சொன்ன பக்திமான் கிழவர் 'ஸ்ட்ரைஃப்'பிலும் உண்டு. மேட்ஜின் அப்பா ஹென்றி தாமஸ். சர்ச்சுக்குப் போகிறவர், இயற்கையை எதிர்த்து நிற்கக் கூடாது என்று கூட்டத்தில் பேசுகிறார். ராபர்ட்ஸ் அவரைக் கிண்டல் செய்கிறான். எனக்கு அந்தக் கிழவரைப் பிடிக்கும். கருங்காலி என்று திட்டிவிட்டுப் போக முடியாத ஆள். வீட்டில் பட்டினி, மனதில் சாமி, இரண்டும் ஒரே பக்கம் இழுக்கின்றன.

இந்த மாதிரி ஆட்களை நிஜத்தில் என்ன செய்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் பென்ரின் குவாரியைப் பாருங்கள். வடக்கு வேல்ஸ், பெதஸ்டா ஊர், ஸ்லேட் கல் வெட்டுகிற இடம். 1900 நவம்பரில் தொடங்கியது, 1903 நவம்பர் வரை இழுத்தது. மூன்று வருடம்! தொழிலாளர்களின் குழுவோடு பேசவே மாட்டேன் என்று முதலாளி பென்ரின் பிரபு பிடித்த பிடியில் நின்றார். 1901-இல் ஒரு பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். அதன் பிறகு திரும்பாதவர்கள் தங்கள் ஜன்னலில் "இந்த வீட்டில் துரோகி இல்லை" என்று வேல்ஷ் மொழியில் அட்டை வைத்தார்கள். அட்டை இல்லாத வீடு எது என்று தெரு முழுக்கத் தெரியும். ஒரே சர்ச்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடியவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கடைசியில் தோற்றுத்தான் திரும்பினார்கள்.

இதைச் சொல்வது எதற்கென்றால், ராபர்ட்ஸ் கேட்டபடியே ஜனங்கள் தாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு இங்கிலாந்து நாடக ரசிகர்களுக்கு ஒரு பதில் ஏற்கனவே தெரியும். அதனால்தான் ஹார்னஸ்.

*

திரைச்சீலை எழுதியது:

அண்ணே, அந்த மூன்று வருடத்தை நீட்டியது பென்ரின் பிரபுவின் பிடிவாதமும்தானே? "தாங்கினால் என்ன ஆகும்" என்று தொழிலாளியிடம் மட்டும் ஏன் கேட்கிறோம்? ஆந்தனி அக்டோபரிலேயே இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள். பதில் சுலபம்: கொஞ்சம் லாபம் குறைந்திருக்கும், ஆனி உயிரோடு இருந்திருப்பாள்.

*

கணக்குப்பிள்ளை எழுதியது:

அது சரியான அடி, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கடைசிக் காட்சிக்கு என்ன சொல்கிறீர்கள்? ஆந்தனி தலைவர் இல்லை என்று தெரிந்ததும் ராபர்ட்ஸ் பைத்தியம் பிடித்தது போலச் சிரிக்கிறான். திடீரென்று அடங்கி, நம் இருவரையுமே கவிழ்த்துவிட்டார்கள் என்கிறான். கிழவர் கஷ்டப்பட்டு எழுந்திருக்கிறார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆந்தனி வணக்கம் வைப்பது போலக் கையைத் தூக்குகிறார், பாதியில் இறக்கிவிடுகிறார். ராபர்ட்ஸ் முகத்தில் பகை போய் ஆச்சரியம் வருகிறது. இருவரும் தலை குனிந்து மரியாதை செய்கிறார்கள். சுண்டுவிரலைத் தூக்க மாட்டேன் என்ற அதே ராபர்ட்ஸ்! இதற்கு மேல் சமத்துவம் வேண்டுமா?

*

பின்வரிசை எழுதியது:

அந்த இடத்தில் எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது, மறைக்க மாட்டேன். அதனால்தான் அந்தக் காட்சியை நம்பக் கூடாது என்கிறேன். இரண்டு வீரர்கள் ஒருவரை ஒருவர் மதிக்கும் காட்சியில் நாம் லயித்துப்போகிறோம். மரியாதை செய்துகொள்ள ஆனிக்கு அங்கே இடமில்லை. மேட்ஜுக்கும் இல்லை, பிள்ளைகளைப் படுக்கையில் போட்டு வைத்தவளுக்கும் இல்லை. ஒரு பெண் செத்தாள், சிறந்த மனிதர்கள் இருவர் உடைந்துபோனார்கள் என்று ஹார்னஸ் அப்புறம் கணக்குச் சொல்கிறார். அந்தக் கணக்கில்கூட அவள் 'ஒரு பெண்', அவர்கள் 'சிறந்த மனிதர்கள்'. கால்ஸ்வர்தி இதை வேண்டுமென்றே எழுதினாரா, ஹார்னஸின் வாயில் வைத்துக் குத்தினாரா, இல்லை அவரே அப்படி நினைத்தாரா என்று படித்துப் படித்துப் பார்க்கிறேன். குத்தினார் என்றுதான் என் கட்சி.

*

மூணுகால்முயல் எழுதியது:

என் கட்சி: அவரே அப்படித்தான் நினைத்தார். ஆனாலும் தீயை மறைக்கத் தட்டி கேட்கும் காட்சிக்காக மன்னிக்கலாம்.

*

ராத்திரிஷிப்ட் எழுதியது:

எல்லோரும் கடைசிக் காட்சியோடு நிறுத்துகிறீர்கள். எனக்கு மறுநாள் காலைதான் கவலை. பிப்ரவரி 8, ஆலை வாசல் திறக்கிறது. ராபர்ட்ஸுக்கு வேலை உண்டா?

எந்த வேலைநிறுத்தம் முடிந்தாலும் நாங்கள் பேச்சுவார்த்தையில் முதலில் எழுதி வாங்குவது கூலி இல்லை, பழிவாங்கல் கூடாது என்ற ஷரத்து. அது இல்லாமல் கையெழுத்துப் போட்டால் முன்னால் நின்றவன் தெருவில் நிற்பான். பென்ரினில் முன்னின்றவர்கள் பலரைத் திரும்ப எடுக்கவில்லை. ஊரைவிட்டுத் தெற்கு வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனவர்கள் ஏராளம். ராபர்ட்ஸுக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை, சேமிப்பு இல்லை, அவனை ஓட்டுப் போட்டுத் தள்ளியவர்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். கிழவர் ஆந்தனிக்குப் பெரிய வீடும் தாங்கிப் பிடிக்க மகனும் மகளும் இருக்கிறார்கள்.

அக்டோபரில் ஹார்னஸும் டென்ச்சும் அந்தக் காகிதத்தை எழுதியபோது ராபர்ட்ஸை யாரும் பழிவாங்கத் தேவையே இருக்கவில்லை. பிப்ரவரியில் அதே காகிதத்தில் கையெழுத்து வாங்குகிறார் ஹார்னஸ். நான் வக்காலத்து வாங்கினேன், இன்னும் வாங்குவேன். ஆனால் நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் பேனாவை எடுக்கும் முன் கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருப்பேன். திரைச்சீலை, மறுபடி வாசிப்பு நாடகம் போட்டால் ஹார்னஸாக நடிப்பவரிடம் இதைச் சொல்லுங்கள். அந்தக் காகிதத்தை அவர் எப்படி மடிக்கிறார் என்று பார்க்கிறேன்.